எண்பத்தெட்டு வரிசைகள்

சென்ற டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நாங்கள் ஐந்தாறு பேர் வழக்கமாகக் கூடும் மொட்டைமாடியில், நண்பர் ஒருவர் நான்காக மடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் 2020ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கு. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக 88 நகரங்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வெள்ளையர், லத்தீன் அமெரிக்க வம்சத்தினர், கறுப்பர், ஆசியர் என்று சதவீதங்கள். நண்பர் அமெரிக்கக் கறுப்புக் கவிகள் சிலரை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். அதற்காகத் தேடப்போய் இது கிடைத்திருக்கிறது. "பாருங்க, யாரும் யாரையும் பிடிச்சுத் தள்ளலே. இனம் இனத்தோடதான் போய்ச் சேருது. எந்த நாடா இருந்தா என்ன?" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு உடனே பதில் தோன்றவில்லை. என் பதில்கள் எப்போதும் பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் வரும். இந்தத் தடவை மூன்று மாதம் பிடித்துவிட்டது.

அவர் சொன்னதற்குத் தாளில் ஆதாரம் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கவுண்டியின் மொத்த ஜனத்தொகை 1,00,14,009. இதில் லத்தீன் அமெரிக்க வம்சத்தினர் 48 சதவீதம், வெள்ளையர் கால் பங்கு, ஆசியர் 15 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, கறுப்பர் 8 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் இந்தச் சராசரி குடியிருக்கும் ஊர்கள் அந்த 88இல் மிகக் கொஞ்சம். சவுத் கேட்டில் நூற்றுக்கு 95 பேர் லத்தீன் வம்சத்தினர். மான்டெரே பார்க்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆசியர். கடலோரத்து மன்ஹாட்டன் பீச்சில் பத்தில் ஏழு பேருக்கு மேல் வெள்ளையர். கறுப்பர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கவுண்டி என்பதை ஜில்லா என்று வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அதற்குள் இருக்கும் நகரம் ஒவ்வொன்றும் தனக்கென்று கவுன்சில், வரி, எந்த மனையில் என்ன கட்டலாம் என்ற சட்டம் எல்லாம் வைத்திருக்கும் சிறு ராஜ்யம். ஒரு தெருவின் இந்தப் பக்கம் ஒரு ராஜ்யம், அந்தப் பக்கம் வேறொன்று.

நான் பாங்கில் குமாஸ்தா. கணினி வந்த பிறகும் எங்கள் கிளையில் பேரேடு என்ற சொல் போகவில்லை. பற்றும் வரவும் சரியாகப் பொருந்திவிட்டால் கணக்கு உண்மையாகிவிடாது என்பது இந்த உத்தியோகத்தில் முதல் வருஷமே தெரிந்துவிடும் பாடம். கூட்டல் சரியாக இருக்கும். தலைப்பு பொய்யாக இருக்கும். ஆகவே நண்பரின் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது நான் சதவீதங்களைப் பார்க்கவில்லை. மேலே குறுக்கே எழுதிய தலைப்புகளை யார் எழுதினார்கள், இடது ஓரத்துப் பெயர்களை யார் எழுதினார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன்.

தலைப்புகளின் கதை அந்த ஊர் பிறந்த வருஷத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. 1781இல் ஸ்பானிய அரசு மெக்சிகோவின் வடமேற்கிலிருந்து 11 குடும்பங்களை, மொத்தம் 44 பேரைக் கொண்டுவந்து லாஸ் ஏஞ்சலஸைக் குடியேற்றியது. அவர்களைப் பற்றிய ஜாபிதா இருக்கிறது. பெயர், வயது, ஜாதி: ஸ்பானியன், இந்தியன், மெஸ்டிசோ, முலாட்டோ, நீக்ரோ. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆப்பிரிக்க ரத்தமோ பூர்வகுடி ரத்தமோ உண்டு. ஒன்பது வருஷம் கழித்து, 1790இல், மறுபடி கணக்கு எடுத்தார்கள். அதே ஆட்களில் சிலர் இப்போது ஒரு படி வெளுத்திருக்கிறார்கள், முலாட்டோ மெஸ்டிசோவாகியிருக்கிறான். ஆள் மாறவில்லை, நிலம் கிடைத்திருக்கிறது, மாடு கிடைத்திருக்கிறது, எழுதுகிறவன் பேனாவும் சற்றே இளகியிருக்கிறது. திருத்தியவன் கையெழுத்துப் போடாத திருத்தம். எங்கள் ஆடிட்டர் இதைச் சும்மா விடமாட்டார்.

இது வேடிக்கையான திருத்தம். பின்னால் வந்தவை அப்படியல்ல. 1930 கணக்கில் அமெரிக்க அரசு 'மெக்சிகன்' என்று ஒரு இனத் தலைப்பைப் புதிதாகச் சேர்த்தது. அதற்கு முன் அவர்கள் பெரும்பாலும் வெள்ளையர் கணக்கில் போய்க்கொண்டிருந்தவர்கள். பொருளாதார மந்தம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அடுத்த வருஷம் பிப்ரவரி 26ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸின் பழைய சதுக்கத்தில் மத்தியானத்தில் வாசல்களை அடைத்து, உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானவர்களிடம் காகிதம் கேட்டார்கள். பிறகு ரயில்கள். அந்தப் பத்து வருஷத்தில் கவுண்டியிலிருந்து வெளியேறிய மெக்சிகர்களில் கணிசமானவர்கள் அமெரிக்கப் பிரஜைகள், அங்கேயே பிறந்த குழந்தைகள். 1940இல் அந்தத் தலைப்பு இல்லை. மெக்சிகர் மறுபடி வெள்ளையர். தலைப்பு ஒரு தடவைதான் தேவைப்பட்டது போலும். தலைப்புக்கும் ரயிலுக்கும் நேரான காரண காரியத் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் எழுதியது ஒரே மனநிலை என்று சொல்கிறேன்.

ஜப்பானியர் விஷயத்தில் தொடர்பு நேரானது. 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டதும், மேற்குக் கரையில் ஜப்பானியர் எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்ற விவரத்தை, 1940 கணக்கிலிருந்து பிளாக் வாரியாகப் பிரித்து, சென்சஸ் இலாகாவே ராணுவத்துக்குக் கொடுத்தது. துறைமுகத்துக்குள் இருக்கும் டெர்மினல் தீவில் மீனவக் குடும்பங்களுக்கு 48 மணி நேரம் தந்தார்கள். 2000ஆம் வருஷத்தில் சென்சஸ் இயக்குநர் மன்னிப்புக் கேட்டார். ஜப்பானியர் காலி செய்த லிட்டில் டோக்கியோவில் யுத்தத் தொழிற்சாலைகளுக்கு வந்த கறுப்பர்கள் குடியேறினார்கள். அதற்கு ப்ரான்ஸ்வில் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் அங்கே போய் நெருக்கியடித்துக்கொண்டது இனப்பாசத்தால் அல்ல. ஊரில் வேறு எங்கும் அவர்களுக்கு வாடகைக்குக்கூட வீடு கிடைக்கவில்லை. செஸ்டர் ஹைம்ஸின் முதல் நாவல் 1945இல் வந்தது. அதன் நாயகன், கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்யும் கறுப்பன், தனக்குள் பயம் எப்போது நுழைந்தது என்று யோசிக்கிறான்; ஜப்பானியர்களைக் கொண்டுபோனதைப் பார்த்தபோது என்று அவனுக்குத் தோன்றுகிறது. இன்னொருவனுடைய கட்டம் காலியாவதைப் பார்த்துத் தன் கட்டத்தைப் பற்றி ஒருவன் பயப்படுகிறான். அந்த ஊரைப் பற்றி நான் படித்தவற்றில் சமூகவியலாளர் எவரும் இதை இவ்வளவு சுருக்கமாகப் பிடித்ததில்லை.

நமக்கும் அந்த அட்டவணையில் ஒரு இடம் இருந்தது என்பது நம் நண்பர்களில் பலருக்குத் தெரியாது. 1920, 1930, 1940 கணக்குகளில் 'ஹிந்து' என்பது ஓர் இனத்தின் பெயர். பஞ்சாபிலிருந்து போன சீக்கியர் ஹிந்து, முஸ்லிம் ஹிந்து. 1923இல் பகத் சிங் திண்ட் என்ற சீக்கியரின் வழக்கில், சாதாரண மனிதன் புரிந்துகொள்ளும் அர்த்தத்தில் இவர் வெள்ளையர் அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிப் பிரஜா உரிமையை மறுத்தது. இரண்டு வருஷம் கழித்து, 1925இல், கார்டோசியன் என்ற ஆர்மீனியரின் வழக்கில் ஆரிகன் கோர்ட் ஆர்மீனியர்கள் வெள்ளையரே என்றது. ஃப்ரான்ஸ் போவாஸ் போன்ற பெரிய மானிடவியலாளரே சாட்சி சொன்னார். அந்தத் தீர்ப்பின் நிழல் இன்றும் நண்பரின் தாளில் விழுந்திருக்கிறது. க்ளென்டேல் நகரத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஆர்மீனிய வம்சம் என்பது பொதுவான கணிப்பு. தெருவில் கடைப் பலகைகள் ஆர்மீனிய எழுத்தில் இருக்கின்றன. ஆனால் தாளில் ஆர்மீனியர் என்று ஒருவர்கூட இல்லை. அனைவரும் 'வெள்ளையர்' கட்டத்துக்குள் மறைந்திருக்கிறார்கள். இருட்டிய பிறகு கறுப்பர் தென்படக்கூடாது என்று நடந்த ஊர் அது. நகராட்சி 2020இல் அதற்காகத் தீர்மானம் போட்டு வருத்தம் தெரிவித்தது. நம்மவர்கள் கதையோ இன்னும் வினோதம். இந்தியர் 1970 கணக்கில் வெள்ளையரோடு சேர்க்கப்பட்டு, 1980இல் ஆசியரானார்கள். நாற்பது வருஷம் அங்கே இருந்த ஒரு தமிழர் வீட்டை விட்டு நகராமலே மூன்று இனங்களில் வாழ்ந்திருக்கலாம்.

2024இல் தலைப்புகளை மறுபடி திருத்தியிருக்கிறார்கள். மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்று தனிக் கட்டம் வருகிறது. 2030 தாளில் சில ஊர்கள் திடீரென்று நிறம் மாறியிருக்கும். அப்போதும் யாராவது ஒருவர் அதைக் காட்டி இயற்கை என்பார்.

இனி இடது ஓரம். இங்கேதான் விஷயம் கனமானது.

தலைப்புகள் மாறுகின்றன என்பதை நண்பர்கூட ஏற்பார் என்று நினைக்கிறேன். ஆனால் ஊர் என்றால் ஊர்தானே, ஆறும் குளமும் போல இருப்பதுதானே என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஊர் என்பது ஒரு பத்திரம். அதைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய பத்திரத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த ஊர்களில் மனை வாங்கினால் கிரயப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை இருக்கும்: காகேசிய இனத்தவர் அல்லாதார் இந்த மனையில் குடியிருக்கலாகாது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அதாவது சமைக்கலாம், கூட்டலாம், பின்கட்டில் படுத்துக்கொள்ளலாம், வாங்க முடியாது. வாட்ஸ் பக்கத்தில் லாஸ் என்ற கறுப்புக் குடும்பம் தன் காசில் வாங்கிய வீட்டில் குடியிருந்தது. கோர்ட் காலி செய்யச் சொல்லிற்று, செய்யவில்லை. 1945இல் தங்கள் சொந்த வீட்டில் குடியிருந்த குற்றத்துக்காக அவர்கள் சிறைக்குப் போனார்கள். அதே வருஷம் நடிகை ஹாட்டி மக்டேனியலும் அக்கம்பக்கத்தாரும் வெஸ்ட் ஆடம்ஸ் பகுதியில் இதேபோன்ற வழக்கைச் சந்தித்து ஜெயித்தார்கள். அவர்களுக்காக வாதாடியவர் லோரன் மில்லர். இவர் லாங்ஸ்டன் ஹியூஸின் சிநேகிதர். 1932இல் ஒரு சினிமா எடுக்கலாம் என்று ஹியூஸோடு மாஸ்கோவுக்குப் போய், படம் எடுக்கப்படாமலே திரும்பிய கோஷ்டியில் ஒருவர். எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சட்டத்தில் மாட்டிக்கொண்டவர் என்று இவரைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம். 1948இல் உச்ச நீதிமன்றம் இந்த நிபந்தனைகளைக் கோர்ட்டுகள் அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்ன வழக்கிலும், 1953இல் நிபந்தனையை மீறி விற்றவரிடம் நஷ்ட ஈடுகூடக் கேட்க முடியாது என்று முடித்துவைத்த வழக்கிலும் இவர் இருந்தார். பின்னது லாஸ் ஏஞ்சலஸிலிருந்து போன வழக்கு.

பத்திரம் ஒரு பக்கம். கடன் இன்னொரு பக்கம். இதைப் பற்றி எழுத எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் உரிமை இருக்கிறது. 1939இல் வீட்டுக் கடனுக்கான மத்திய ஸ்தாபனம் ஒன்று லாஸ் ஏஞ்சலஸை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டி வரைபடம் தயாரித்தது. சிவப்பு என்றால் கடனுக்கு ஆபத்து. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு படிவம். அதில் ஜனங்களின் தொழில், வருமானம், அயல்நாட்டுக் குடும்பங்கள் எத்தனை சதவீதம், நீக்ரோ எத்தனை சதவீதம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, 'ஊடுருவல்' என்று ஒரு வரி. யாருடைய ஊடுருவல் நடக்கிறது என்று நிரப்ப வேண்டும். கரையானையோ ஈரத்தையோ பற்றிக் கேட்பதுபோல. யூதர், மெக்சிகர், ஜப்பானியர், ரஷ்யர் எல்லோரும் அண்டை வீடுகளில் வாழ்ந்த பாயில் ஹைட்ஸ் பகுதியை நிரப்பிய அதிகாரிக்கு ஆத்திரமே வந்துவிட்டது. எந்த ஒரு இனமும் மேலோங்கவில்லை, எல்லாம் கலந்துகிடக்கிறது என்பதையே பெரும் குற்றமாக எழுதிவைத்தான். நண்பர் இதைக் கவனிக்க வேண்டும். இனம் இனத்தோடு சேராமல் இருந்த ஒரு பேட்டை அங்கே இருந்தது. அதற்குத்தான் சிவப்புத் தீட்டினார்கள். அந்த வரைபடமே கடனை நிறுத்தவில்லை, கடன் கொடுப்பவர்கள் ஏற்கனவே நினைத்ததை எழுதிவைத்தது மட்டும்தான் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் 1934இல் ஏற்பட்ட வீட்டுக்கடன் உத்தரவாத இலாகா தன் கையேட்டில், பத்திரத்தில் இன நிபந்தனை இருப்பது ஈட்டுக்கு நல்லது என்று எழுதியே வைத்திருந்தது.

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஒரு வீட்டுக்கடன் மனு வந்தது. சம்பளச் சான்று, வில்லங்கச் சான்று, வரைபடம் எல்லாம் சரியாக இருந்தன. மேலதிகாரி விலாசத்தைப் படித்தார். அந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார். சொன்னேன். பேனாவை மூடிவிட்டார். 'ஈட்டின் சந்தை மதிப்பு திருப்திகரமாக இல்லை' என்ற கடிதத்தைத் தயாரித்தது நான். அவர் ஜாதி என்ற வார்த்தையை உச்சரிக்கவில்லை, நானும் உச்சரிக்கவில்லை, படிவத்திலும் அது இல்லை. 1939ஆம் வருஷத்துப் படிவம் குறைந்தபட்சம் வெட்கமில்லாமல் கேட்டது.

1948, 1953 தீர்ப்புகளோடு பத்திரம் செத்தது. அதற்கு அடுத்த வருஷம் ஊர் பிறந்தது. 1950க்கும் 1953க்கும் இடையில், லாங் பீச்சுக்கு வடக்கே பீன்ஸ் வயல்களாகக் கிடந்த 3,500 ஏக்கரில் 17,500 வீடுகளைக் கட்டினார்கள். லேக்வுட் என்று பெயர். யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு முன்பணம் இல்லாமல் வீடு. கறுப்புச் சிப்பாய்க்கு இல்லை. 1954இல் லேக்வுட் தனி நகரமாயிற்று. ஆனால் நகரத்துக்கு வேண்டிய போலீஸ், தீயணைப்பு, சாலை எதையும் தானே ஏற்படுத்திக்கொள்ளாமல் கவுண்டியிடம் ஒப்பந்தத்துக்கு எடுத்துக்கொண்டது. இது ஒரு பெரிய கண்டுபிடிப்பு. நகரம் நடத்தச் செலவில்லை. அதே சமயம் எந்த மனையில் என்ன கட்டலாம், எத்தனை பெரிய மனை, வாடகைக் கட்டடம் வரலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் கையில். 1956இல் விற்பனை வரியில் நூற்றுக்கு ஒன்று அந்தந்த நகரத்துக்கே என்று சட்டம் வந்ததும் கேட்கவேண்டியதில்லை. பத்து வருஷத்துக்குள் டஜன் கணக்கில் நகரங்கள் முளைத்தன. டெய்ரி வேலி என்ற நகரத்தில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம் (இன்று செரிடோஸ்). ரோலிங் ஹில்ஸ், ஹிடன் ஹில்ஸ் போன்ற நகரங்கள் ஊருக்கே கதவு போட்டுக் காவல் வைத்தன. நகரமாக 500 பேர் வேண்டும் என்பது விதி. தொழிற்சாலைகள் தங்கள் வரியைத் தங்களிடமே வைத்துக்கொள்வதற்காக 1957இல் உண்டாக்கிய சிட்டி ஆஃப் இன்டஸ்ட்ரியில் அத்தனை பேர் இல்லை. எல்லைக்குள் ஒரு மனநோய் விடுதி இருந்தது. நோயாளிகளை எண்ணிச் சேர்த்துக்கொண்டார்கள்.

எல்லா நகரங்களும் இனத்தை நினைத்தே பிறந்தன என்று சொன்னால் அது பொய்யாகும். வரிதான் பெரும்பாலானவற்றுக்கு முதல் காரணம். ஆனால் ஏழைகளுக்காக வரி கட்ட வேண்டாம் என்ற ஆசையும், ஏழைகள் யார் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததும் ஒரே மூளையில் இருந்தன. பத்திரத்தில் எழுத முடியாமல் போனதை மனையின் அளவில் எழுதினார்கள். இனத்தின் பெயர் எங்கும் இல்லாத நிபந்தனை. எந்த லோரன் மில்லரும் கோர்ட்டில் காட்ட முடியாதது.

கோடு எவ்வளவு ஸ்தூலமானது என்பதற்கு அலமேடா தெரு. தெருவோடு கூடவே ரயில் பாதை. மேற்கே வாட்ஸ், கறுப்பர். கிழக்கே சவுத் கேட், வெள்ளைத் தொழிலாளிகள், ஃபயர்ஸ்டோன் டயர், ஜெனரல் மோட்டார்ஸ். இரும்புத் திரை என்று உலகம் பேசிக்கொண்டிருந்த நாளில் இதற்குப் பருத்தித் திரை என்று பெயர். தெற்கே காம்ப்டன், 1888லிருந்தே தனி நகரம். 1948 வரை கறுப்பர் விரல்விட்டு எண்ணும் அளவு. (பின்னால் ஜனாதிபதியான மூத்த புஷ் 1949இல் குடும்பத்தோடு சில மாதம் இங்கே குடியிருந்தார், அப்படிப்பட்ட ஊர்.) நிபந்தனை செத்ததும் மேற்குப் பக்கத்திலிருந்து கறுப்புக் குடும்பங்கள் வந்தன. தரகர்கள் வெள்ளையரிடம் 'வந்துவிட்டார்கள்' என்று சொல்லி மலிவாக வாங்கி, வந்தவர்களிடம் அதிக விலைக்கு விற்றார்கள். 1970இல் காம்ப்டனில் பத்தில் ஏழு பேர் கறுப்பர். முந்தைய வருஷம் முதல் கறுப்பு மேயர். 1973இல் டோரிஸ் டேவிஸ் என்ற கறுப்புப் பெண்மணி. அதற்குள் கடைகள் போயிருந்தன, வரி தரும் தொழிற்சாலைகள் எல்லைக்குள் அதிகம் இருக்கவில்லை. நகரம் கைக்கு வந்தபோது பேரேட்டில் பற்று மட்டும் மிஞ்சியிருந்தது. 1980இல் ஃபயர்ஸ்டோனும் 1982இல் ஜெனரல் மோட்டார்ஸும் மூடின. சவுத் கேட்டின் வெள்ளையரும் போனார்கள். இன்று இரண்டு ஊர்களிலும் லத்தீன் வம்சத்தினர்தான் பெரும்பான்மை. நண்பரின் தாள் இந்தக் கடைசி நிலையை மட்டும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறது.

மான்டெரே பார்க் விஷயத்தில் நண்பர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. 1970களில் ஃப்ரெடரிக் ஷே என்ற தரகர் ஹாங்காங்கிலும் தைவானிலும் இதைச் சீனர்களின் பெவர்லி ஹில்ஸ் என்று விளம்பரம் செய்தார்; வந்தார்கள், விரும்பித்தான் வந்தார்கள். ஆனால் ஏன் அங்கே? மற்ற ஊர்கள் விற்க மறுத்த நாட்களில் ஜப்பானிய, மெக்சிக, சீனக் குடும்பங்களுக்கு வீடு விற்ற சில ஊர்களில் அது ஒன்று. மாமன் இருக்கும் ஊருக்குத்தான் மருமகன் வருவான், மாமனை அங்கே நிறுத்தியது எது என்பதுதான் கேள்வி. 1986இல் நகர்மன்றம் ஆங்கிலமே ஆட்சிமொழியாக வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சீனத்தில் எழுதிய கடைப் பலகைகள் பிரச்னையாயின. ஒன்றாகச் சேராதே என்று அரை நூற்றாண்டு சொல்லவில்லை. ஒன்றாகவே இரு என்றார்கள். இருந்தபோது அதையே குற்றம் என்றார்கள்.

கவுண்டி சராசரிக்கு ஓரளவு கிட்டே வரும் ஊர்களில் கார்ஸன் ஒன்று. லத்தீன் வம்சத்தினர், பிலிப்பினோக்கள், கறுப்பர் எல்லோரும் கணிசமாக இருக்கிறார்கள். அதற்குக் காரணம் அந்த ஊராரின் விசேஷ நல்ல குணமல்ல. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், குப்பைமேடுகளும், பழைய கார் உடைக்கும் முற்றங்களுமாக யாருமே வேலி போட்டு வளைக்க விரும்பாத மிச்சம் அது. இனிமேலும் எல்லோர் குப்பையும் நம் வாசலில் வேண்டாம் என்று 1968இல் ஜனங்கள் நகரமாக்கிக்கொண்டார்கள். கோடு போடாத இடத்தில் கலப்பு நடந்திருக்கிறது. லேக்வுட்கூட, கோடு தளர்ந்து இரண்டு தலைமுறை கழிந்த பின், இன்று நன்றாகக் கலந்த ஊர்தான்.

கடைசியாக, நண்பரின் மொழிபெயர்ப்புகள். அவர் எடுத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் வாட்ஸ் கவிகள். கலிஃபோர்னியாவில் வீட்டு விற்பனையில் இனபேதம் கூடாது என்று 1963இல் வந்த சட்டத்தை, 1964 நவம்பரில் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு ரத்து செய்தார்கள். (ரத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1967இல்.) 1965 ஆகஸ்டில் வாட்ஸ் எரிந்தது; 34 பேர் செத்தார்கள். சில வாரம் கழித்து பட் ஷுல்பர்க் என்ற நாவலாசிரியர் அங்கே போய் எழுத்துப் பட்டறை என்று பலகை மாட்டி உட்கார்ந்தார். ஆரம்பத்தில் யாரும் வரவில்லை. பிறகு வந்தார்கள், 1967இல் தொகுப்பு வந்தது. 1973இல் பட்டறையின் கட்டடம் எரிந்தது, எஃப்.பி.ஐ.யின் ஒற்றன் ஒருவன் தானே கொளுத்தியதாகப் பின்னால் ஒப்புக்கொண்டான். இந்தக் கவிகள் எழுதிய ஊரை நண்பரின் தாளில் தேடினேன். இல்லை. வாட்ஸ் 1926 வரை தனி நகரம். அந்த வருஷம் லாஸ் ஏஞ்சலஸோடு சேர்க்கப்பட்டது. தனியே விட்டால் ஒரு கறுப்பர் மேயராகிவிடுவார் என்ற பயமும் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. இப்போது அது 38,98,747 பேர் கொண்ட லாஸ் ஏஞ்சலஸ் வரிசைக்குள் கரைந்து கிடக்கிறது.

இன்னொன்றும் இல்லை. ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ்: 1,18,786 பேர், நூற்றுக்கு 95க்கு மேல் லத்தீன் வம்சத்தினர். பல தடவை நகரமாக முயன்றிருக்கிறார்கள். 1974இல் வரி கூடிவிடும் என்ற பயத்தில் வாக்கெடுப்புத் தோற்றது. 2012இல் போதிய வருமானம் இல்லை, நகரம் நடத்தக் கட்டாது என்று எல்லைக் கமிஷன் மனுவை நிராகரித்தது. சிட்டி ஆஃப் இன்டஸ்ட்ரி தாளில் இருக்கிறது: ஜனத்தொகை 264.

போன ஞாயிற்றுக்கிழமை தாளை நண்பரிடம் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு ஊருக்கும் எதிரே அது நகரமான வருஷத்தைப் பென்சிலால் எழுதியிருந்தேன். அடியில் இருந்த வெற்றிடத்தில் இரண்டு பெயர்களைச் சேர்த்திருந்தேன். அவர் 1956, 1957 என்று திரும்பத் திரும்ப வந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "இந்த வருஷம் என்னய்யா இத்தனை ஊர்?" என்றார். டீ வந்துவிட்டது. உட்காருங்கள், சொல்கிறேன் என்றேன்.